கேட்பவரின் பெயர்

சண்டிலிப்பாயில் என் வளவுக்கு அடுத்த வளவில் வசிக்கும் சௌமியா, சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் வேலிக்கு அப்பால் நின்று என்னை அழைத்தாள். கணக்கியல் கற்றுத் தேறிய அப்பெண், பாதுகாப்புத் துறைக்குரிய ஓர் அலுவலகத்திலே கணக்கு உதவியாளர் பதவிக்குத் தெரிவாகியிருந்தாள். நியமனம் கையிற் கிடைப்பதற்கு அவளது பின்னணி பற்றிய விசாரணை மாத்திரமே எஞ்சியிருந்தது.

"பெரியப்பா, என்னைப் பற்றிக் கேக்க ஆக்கள் வருவினமாம். உங்கடை பேரைத்தான் குடுத்திருக்கிறன். பயப்பிடாதேங்கோ."

"நான் ஏன் பிள்ளை பயப்பிடப்போறன்?"

"இல்லை, அம்மா சொன்னவ. பெரியப்பா முந்தி உந்த வேலைதானாம் செய்தவர். எண்டாலும் ஆரும் வந்து கேட்டா அவரும் தெரியாது எண்டுதான் சொல்லுவாராம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆயினும் அவள் சென்ற பின்னர் என் மனம் வேறொன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. வரப்போகும் அந்த உத்தியோகத்தர் என் வாசலில் நின்று முதலில் தம் பெயரைத் தருவாரா, அல்லது முதலில் கேள்வியைக் கேட்பாரா?

பிறருக்கு இஃது ஒரு சிறு மரியாதையாகத் தோன்றலாம். எனக்கோ அது என் உத்தியோக வாழ்வின் முழுப் பயன். நான் முன்னர் இருந்த அலுவலகத்தில் இப்போது கடமையாற்றும் இளையவர் ஒருவரும் அண்மையிலே தொலைபேசியில் இதைப் பற்றியே வினவினார். எல்லா விபரங்களும் கணினியில் வந்துவிடப் போகின்றனவாம். ஆதலால் வீடு தேடிச் செல்வதும், சென்ற இடத்தில் பெயர் கொடுப்பதும் இனித் தேவைதானா என மேலிடத்தில் ஆராய்கிறார்களாம். "பெயர் கொடுக்க வேண்டும் என்ற அந்த வாசகம் ஏன் வந்தது ஐயா?" என்று கேட்டார். தொலைபேசியிற் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

என் கல்வி சுருக்கமானது. யாழ்ப்பாண நகரில் ஒரு பேக்கரியில் பாண் பெட்டிகளை எண்ணிக் கொடுக்கும் வேலையில் இளமையிலேயே சேர்ந்தேன். அதன் முதலாளி காலி நகரிலிருந்து வந்தவர். அவரிடமிருந்தே சிங்களம் பேசவும், பின்னர் எழுதவும் கற்றேன். தட்டச்சு ஒரு மாலை வகுப்பிற் கிடைத்தது. தமிழ் உரைநடையை, பாண் சுற்ற வந்த பழைய பத்திரிகைகளின் ஆசிரியர் தலையங்கங்களை வாசித்து வாசித்துப் பழகினேன். இந்த மூன்றையும் மூலதனமாகக் கொண்டு எழுதுவினைஞராகவும், மொழிபெயர்ப்பாளராகவும் பல அலுவலகங்களில் இருந்தேன். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், பாதுகாப்புத் துறையின் கீழ் வடபகுதியில் திறக்கப்பட்ட ஒரு சிறிய பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அப்பிரிவின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

எங்கள் கடமை இது. துறைமுகம், களஞ்சியம், இயந்திரத் திருத்தகம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் வேலை செய்யப் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ளும்போது, அவர்கள் நம்பத்தக்கவரா என விசாரித்து அனுமதி வழங்க வேண்டும். அல்லது மறுக்க வேண்டும். கொழும்பில் வகுத்த விதிகள் எங்கள் பகுதிக்குப் பொருந்தாமல் இடித்தபடியால், இங்கு பொருந்தக்கூடிய வழிகாட்டற் குறிப்பொன்றைத் தயாரிக்கும் பொறுப்பும் எங்களிடம் வந்தது. ஊரில் இந்த உத்தியோகத்துக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தபோது ஒருவர், "உவர் இப்ப ஆக்களைத் தராசிலை போட்டு நிறுக்கிறவர். வாயைத் திறக்காதேங்கோ" என்று மற்றவருக்குச் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். அவர் கூறியதிற் பிழை இல்லை.

எங்கள் பணிப்பாளர் திருமதி குணசேகர. மாத்தறைப் பக்கத்தவர். பருத்திச் சேலையும், வெள்ளிக் கைக்கடிகாரமும், மெல்லிய குரலும் உடையவர். தமிழ் அவருக்கு மிகச் சிறிதளவே தெரியும். எங்களுடன் அவர் சிங்களத்திலேயே பேசுவார். அவர் கூற்றுகளை இங்கு நான் தமிழில் தருகிறேன்.

அவரது செய்கை ஒன்றை நான் வேறெந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. ஒருவருக்கு அனுமதி மறுக்கும் கடிதம் கையொப்பத்துக்கு வந்தால், அவர் தம் ஆசனத்திலிருந்து எழுந்துவிடுவார். என்னை அந்த ஆசனத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மேசைக்கு எதிர்ப்புறம், விண்ணப்பதாரர் நிற்கக்கூடிய இடத்தில் தாம் போய் நிற்பார். நான் கடிதத்தை முதலில் தமிழிலும் பின்னர் சிங்களத்திலும் உரக்க வாசிக்க வேண்டும். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்பார். பின்னர், மறுக்கப்பட்டவர் என்ன கேட்பாரோ அதைக் கேட்பார். கடிதத்திலோ விசாரணைக் கோவையிலோ அதற்குப் பதில் இருந்தால் கையொப்பமிடுவார். பதில் இல்லையேல் கடிதம் திரும்பிப் போகும். முதன்முறை அந்த ஆசனத்தில் இருந்தபோது எனக்கு உடல் வியர்த்தது. பழகிய பின்னரும் அதன் நுனியிலேயே இருந்தேன்.

முகவரிப் பகுதியை நாங்கள் மாற்றிய விதத்தையும் சொல்ல வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் வசித்த முகவரிகளை எழுதுமாறு விண்ணப்பம் கேட்டது. அதற்கு விடப்பட்டிருந்த இடமோ இரண்டொரு வரிகள். சமையல் வேலைக்கு விண்ணப்பித்த கரவெட்டிப் பெண்ணொருவர் என் மேசைக்கு வந்து, "தம்பி, மரத்துக்குக் கீழை இருந்ததுக்கு என்ன முகவரி போடுறது?" என்று கேட்டார். பரிகாசமாக அல்ல, மெய்யாகவே கேட்டார். நான் அதைப் பணிப்பாளர் அம்மையாருக்கு மொழிபெயர்த்தேன். அவர், "மரத்தின் கீழ் இவருடன் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்" என்றார். அப்பெண் மூச்சு விடாமல் பெயர்களை ஒப்புவித்தார். தங்கை, தங்கையின் பிள்ளைகள், பள்ளிக்கூட அதிபர், அவருடைய தாயார், பக்கத்து மரத்தடியில் இருந்த தபாற்காரர் குடும்பம். அன்றிலிருந்து எங்கள் குறிப்பில், எங்கே வசித்தீர் என்பதன் கீழே யாருடன் வசித்தீர் என்பதும் சேர்ந்தது. போரால் இடம் மாறிக்கொண்டே இருந்த மக்களுக்குக் கூட இருந்தவர்கள் மாறவில்லை என்பதை அம்மையார் ஒரு கேள்வியிற் கண்டுகொண்டார்.

இனி, தவராசாவின் விடயம்.

தவராசா வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். படகு இயந்திரங்களைத் திருத்துவதில் கைதேர்ந்தவர். துறைமுகத் திருத்தகத்தில் ஒரு நிரந்தரப் பதவிக்கு நடந்த செய்முறைப் பரீட்சையில் முதலாவதாக வந்திருந்தார். அதுவரை அவர் நாட்கூலிக்கு அலைந்தவர்; இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. பதவிக்குரிய வயதெல்லையை அவர் தொட்டுக்கொண்டிருந்தார். இம்முறை தவறினால் அரசாங்க உத்தியோகம் என்பது அவருக்கு இனி இல்லை.

வெளிக்கள விசாரணைக்குச் சென்றவர் திரு. ரத்நாயக்க. இராணுவத்திலிருந்து இளைப்பாறி எங்களிடம் வந்தவர். கேட்டதைக் கேட்டபடியே எழுதுபவர். அவரது நேர்மையில் எங்களில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. தமிழும் ஓரளவு பேசுவார். அவர் கொண்டுவந்த அறிக்கை பின்வருமாறு இருந்தது. தேநீர்க் கடைக்காரருக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. மீனவர் சங்கச் செயலாளருக்கும் தெரியாது. அடுத்த வளவு முதியவர், அந்த ஆள் கனடாவுக்குப் போய்விட்டதாகக் கூறினார். விண்ணப்பத்திற் குறிப்பிட்ட வீட்டில் இருந்த வயோதிப மாது, அப்பெயருடைய எவரும் அங்கு ஒருபோதும் வசிக்கவில்லை என்றார். கிணற்றடியில் நின்ற ஆணைக் காட்டி அவர் யார் எனக் கேட்டபோது, தண்ணீர் அள்ள வந்த ஆள் என்றார்.

அக்கால விதி தெளிவானது. அங்கு வசிப்பதாக அயலவர் எவரும் கூறாத ஒருவரின் அடையாளம் உறுதிப்படவில்லை எனக் கொள்ள வேண்டும். உறுதிப்படாதவருக்கு அனுமதி இல்லை. மறுப்புக் கடிதத்தை நானே தட்டச்சுச் செய்தேன்.

அம்மையார் எழுந்தார். நான் அவரது ஆசனத்தில் இருந்து வாசித்தேன். கைகளைக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த அவர், முடிவில் விண்ணப்பதாரரின் இடத்தில் நின்று என்னிடம் கேட்டார்:

"என் வீட்டாருக்கே என்னைத் தெரியாது என்கிறீர்கள். அப்படியானால் நான் இத்தனை காலமும் எங்கே இருந்தேன்?"

கடிதத்தைப் பார்த்தேன். அதில் இதற்குப் பதில் இல்லை. கோவையிலும் இல்லை.

"அவரை அழையுங்கள்," என்றார் அம்மையார். மறுப்புக்கு முன் விண்ணப்பதாரரை நேரில் அழைக்கும் வழக்கம் அதுவரை இருக்கவில்லை. ரத்நாயக்க அதை மரியாதையுடன் நினைவூட்டினார். "வழக்கம் இல்லைதான். ஆனால் எனக்குக் கேள்வி இருக்கிறது," என்றார் அம்மையார்.

தவராசா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுடன் வந்தார். விரல் நகங்களுக்குள் மாத்திரம் இயந்திர எண்ணெய் மிச்சம் இருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை. அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தேநீர்க் கடைக்காரரும் சங்கச் செயலாளரும் கூறியதைக் கேட்டபோது முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முதியவர் அவரைக் கனடாவுக்கு அனுப்பிய இடத்தில் உதடு துடித்தது. வீட்டில் இருந்த மாது கூறியதை வாசித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அது என்ரை மாமி, சேர். நல்ல மனிசி!"

"கிணத்தடியிலை நிண்டது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான். முகம் முழுக்கச் சவுக்கார நுரை. கண்ணைத் துறந்து பாத்தா வாசலிலை ஆரோ நிக்கினம். மாமி முதுகுக்குப் பின்னாலை கையை ஆட்டி அங்காலை போ எண்டு காட்டுறா. நான் துலாவைப் பிடிச்சுக்கொண்டு தண்ணி அள்ளுற ஆள் மாதிரி நிண்டிட்டன்."

"ஏன் முன்னுக்கு வரயில்லை?"

"ஆர் வந்தவை எண்டு எனக்குத் தெரியாதே. விசாரிக்க ஆக்கள் வருவினம் எண்டு ஒருத்தரும் சொல்லயில்லை. வந்தவையும் சொல்லயில்லை."

இவை அனைத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ரத்நாயக்கவின் முகம் சிவந்தது. அம்மையார் அவரைப் பாராமல், தவராசாவிடமே கேட்டார்: "உங்களைத் தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். உங்களுக்கு அவர்கள் மேல் கோபம் இல்லையா?"

தவராசா வியப்புடன் என்னைப் பார்த்தார். கேள்வி சரியாக மொழிபெயர்க்கப்பட்டதா என்று ஐயுற்றார் போலும்.

"கோவமோ? அவைக்கு என்னிலை விருப்பம், சேர். அதுதான் சொல்லயில்லை. விருப்பம் இல்லாட்டி எல்லாம் சொல்லியிருப்பினம். இல்லாததையும் சேத்துச் சொல்லியிருப்பினம்."

அம்மையார் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆழ்ந்து சிந்திக்கும்போது அவர் அப்படிச் செய்வதுண்டு. தவராசாவை அனுப்பிய பின்னர், முந்திய அறிக்கைகள் சிலவற்றை எடுத்துவரச் சொன்னார். நாங்கள் மூவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விபரங்கள் நிறைந்து, அயலவர் தாராளமாகப் பேசியிருந்த அறிக்கைகளிற் பல, காணித் தகராறும் வேலிச் சண்டையும் உள்ள இடங்களிலிருந்து வந்திருந்தன. ஒருவரும் வாய் திறவாத அறிக்கைகளோ, ஊரார் பொத்திப் பாதுகாத்த மனிதர்களைப் பற்றியவையாக இருக்கலாம். நல்லவரைத் தள்ளிவிட்டுப் பகை உள்ளவரைப் பற்றி மாத்திரம் நாங்கள் கேட்டறிந்துகொண்டிருந்தோம்.

"இனி முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனால் என்ன?" என்றார் அம்மையார்.

"பொய்யை ஆயத்தம் செய்துவைப்பார்கள், மெடம்," என்றார் ரத்நாயக்க.

"ஆயத்தம் செய்த பொய்யை இரண்டாவது கேள்வியில் நீங்கள் பிடித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். பயத்தை எந்தக் கேள்வியால் பிடிப்பீர்கள்?"

அடுத்த கிழமை அவரே எங்களுடன் வல்வெட்டித்துறைக்கு வந்தார். முதல் நாளே தவராசாவுக்கு அறிவித்திருந்தோம். வாகனத்தைச் சந்தியில் நிறுத்தச் சொல்லி, ஒழுங்கை வழியே நடந்து சென்றோம். வாசற் படலையடியில் அம்மையார் செருப்பைக் கழற்றினார். முற்றத்தில் தவராசாவும் அவர் மனைவியும் நின்றனர். வாசற்படியில், காலை நீட்டி, வலையொன்றை மடியில் வைத்தபடி மாமியார் நாகம்மா இருந்தார்.

ரத்நாயக்க தவராசாவைச் சுட்டிக்காட்டித் தம் தமிழிற் கேட்டார்: "அம்மா, இவரைத் தெரியுமா?"

நாகம்மா மருமகனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"தெரியாது."

"மாமி!" என்றார் தவராசா. "நான் நேற்றே சொன்னனான் எல்லோ? சொல்லுங்கோ மாமி."

"தம்பி, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. சோறு மூடி வைச்சிருக்கு, ஆறப்போகுது."

ரத்நாயக்கவின் பேனை கடதாசிக்கு மேலே நின்றுவிட்டது. என்ன எழுதுவதென்று அவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நடந்ததை அம்மையாருக்குக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று கேளுங்கள்," என்று தொடங்கியவர், கையை அசைத்து அதை நிறுத்தினார். "வேண்டாம். எங்களிடம் அவருக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கேளுங்கள்."

கேட்டேன். நாகம்மா வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"நீங்கள் ஆர்?"

"நாங்கள் அலுவலகத்திலை இருந்து..."

"அது நடையைப் பாத்தாலே தெரியுது. நான் பேரைக் கேக்கிறன். உங்கடை பேர் என்ன? உவர் எழுதுறவர், அவற்றை பேர் என்ன? இந்த அம்மான்ரை பேர் என்ன?"

எங்கள் பெயர்களைக் கூறினேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"முந்தியும் ஒருக்கா வந்தவை. என்ரை மூத்தவன்ரை பேரைச் சொல்லி, உன்ரை பிள்ளையோ எண்டு கேட்டவை. ஓம் எண்டு நான்தான் சொன்னனான். பெருமையாய்ச் சொன்னனான், தம்பி. கெட்டிக்காரப் பிள்ளை. கொஞ்சம் கதைச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போச்சினம். ஆர் வந்தவை எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. எந்த வாசலிலை போய் நிண்டு கேக்கிறது? ஆற்றை பேரைச் சொல்லிக் கேக்கிறது?"

தவராசாவின் மனைவி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். இதை மொழிபெயர்ப்பது என் உத்தியோகம், செய்தேன். ரத்நாயக்க எழுதும் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

அம்மையார் தம் கைப்பையிலிருந்து உத்தியோக அட்டையொன்றை எடுத்தார். அதன் வெறுமையான பின்புறத்தில் என்னைக் கொண்டு தமிழில் எழுதுவித்தார். எங்கள் மூவரின் பெயர்கள், பதவிகள், அலுவலகம் இருக்கும் இடம், தொலைபேசி இலக்கம். தவராசாவின் வேலை விண்ணப்பம் தொடர்பாக வந்தோம் என ஒரு வசனம். அதன் கீழே கையொப்பமிட்டு, முற்றத்து மணலில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் நாகம்மாவிடம் கொடுத்தார்.

நாகம்மா அதை மகளிடம் நீட்டினார். "வாசி."

மகள் வாசித்தார்.

"திரும்ப வாசி."

மீண்டும் வாசித்தார். நாகம்மா அட்டையை வாங்கி, இடுப்பிற் சொருகியிருந்த சிறு பையில் வைத்து, அதன் வாயை இறுக்கிக் கட்டினார்.

"ஓம். தெரியும்," என்றார். "என்ரை மோளின்ரை மனிசன்."

தவராசா தூணிற் சாய்ந்துகொண்டார். அதன் பின்னர் நாகம்மாவை நிறுத்துவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

"குடி இல்லை. சீட்டு விளையாடுவார். தோத்தா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிவார். பிள்ளையளிலை உயிர். என்ரை குழம்புச் சட்டியிலை மண்ணெண்ணையை ஊத்தி இரும்புச் சாமான் ஊறப்போட்ட மனிசன் இவர். உதையும் எழுதுங்கோ."

"எழுதவா, மெடம்?" என்று கேட்டார் ரத்நாயக்க.

"எழுதுங்கள்," என்றார் அம்மையார்.

இதற்கிடையில் அடுத்த வளவு முதியவர் வேலியோரம் வந்து நின்றார். "எனக்கும் உப்பிடி ஒரு துண்டு தந்தா நானும் சொல்லுவன்," என்றார்.

"நீங்கள்தானே அப்பு, இவர் கனடாவுக்குப் போட்டார் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம். போனவர் திரும்பி வரக்கூடாதோ?"

அம்மையார் அன்றுதான் முதற்றடவையாக எங்கள் முன்னிலையில் உரக்கச் சிரித்தார். முதியவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது.

தவராசாவுக்கு அனுமதி வழங்கப்பட்டது. வயதெல்லை கடப்பதற்குள் நியமனமும் கிடைத்தது. ஆனால் அவர் ஒருவருக்காகச் செய்ததை எல்லோருக்கும் உரிய விதியாக்குவது இலகுவாக இருக்கவில்லை. வழிகாட்டற் குறிப்பில் சேர்ப்பதற்கு இரண்டு வாசகங்களை அம்மையார் வரைந்தார். ஒன்று: விசாரணைக்கு முன்னர் விண்ணப்பதாரருக்கு அறிவித்தல் வேண்டும், தம்மைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்பதை அவரும் குறிப்பிடலாம். மற்றது: விசாரிக்கச் செல்பவர், முதற் கேள்வியைக் கேட்குமுன், தம் பெயரையும் பதவியையும் தொடர்புகொள்ளும் வழியையும் எழுத்தில் ஒப்படைத்தல் வேண்டும், கேட்கப்படுபவர் அதைத் தம்முடனேயே வைத்துக்கொள்ளலாம்.

மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. உத்தியோகத்தர்களின் பெயர்கள் வீடு வீடாகப் போனால் அவர்களது பாதுகாப்பு என்னாவது என்று கேட்டார்கள். இது நியாயமான கேள்வியே. அம்மையார் பதிலைத் தாமே எழுதாமல் ரத்நாயக்கவிடம் விட்டார். அவர் இரண்டு நாட்கள் எழுதி எழுதிக் கிழித்தார். இறுதியில் அனுப்பிய குறிப்பு மிகக் குறுகியது. தம் பெயரைக் கொடுக்க அஞ்சும் உத்தியோகத்தர் அவ்வேலைக்குச் செல்ல வேண்டியதில்லை என்றும், தாம் செல்லத் தயார் என்றும் அதில் இருந்தது. சோதனையாகச் சில காலம் நடைமுறைப்படுத்தலாம் என்று பதில் வந்தது. பின்னர் அந்தச் சோதனையை நிறுத்தச் சொல்ல எவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதனால் எங்கள் கடமை தளர்ந்துவிட்டது என எண்ண வேண்டாம். களஞ்சியக் காவலுக்கு விண்ணப்பித்த ஒருவரைப் பற்றி அயலவர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் முன்பிருந்த இடத்திற் சாமான்களைக் கடத்தி விற்றதை நிதானமாக, சாட்சியுடன் சொன்னார்கள். நான் ஆசனத்தில் இருந்து மறுப்பை வாசித்தேன். எதிரே நின்ற அம்மையார் கேட்ட எல்லாவற்றுக்கும் கோவையிற் பதில் இருந்தது. அவர் கையொப்பமிட்டார். அன்று அந்த ஆசனத்தில் எனக்கு வியர்க்கவில்லை.

நாகம்மாவின் மகனைப் பற்றிய விபரம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அது எங்கள் பிரிவின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கவில்லை. அம்மையார் தம் பெயரில் உரிய இடங்களுக்கு எழுதினார், பதில்கள் வந்தன, பதில்களில் ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் நாகம்மா அந்த அட்டையில் இருந்த இலக்கத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைப்பெடுப்பார். நான் அங்கு இருந்தவரை நான்தான் எடுப்பேன். "ஒண்டுமில்லைத் தம்பி. இருக்கிறியளோ எண்டு பாத்தனான்," என்று கூறி வைத்துவிடுவார்.

அம்மையாரும் ரத்நாயக்கவும் இளைப்பாறித் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். நானும் இளைப்பாறினேன். ஏட்டில் இருக்கும் அந்த இரு வாசகங்களும் வாசல்களில் இன்னும் பின்பற்றப்படுகின்றனவா என்பதை எவரிடமும் நான் கேட்டதில்லை. இல்லை என்ற பதிலைக் கேட்க விருப்பம் இருக்கவில்லை.

சென்ற கிழமை என் படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. மெலிந்த ஓர் இளைஞர், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி, "வணக்கம், ஐயா" என்றார். நான் பதில் வணக்கம் கூறிவிட்டுக் காத்திருந்தேன். சௌமியா வேலிக்கு அப்பால் முருங்கை இலை ஒடிப்பது போலப் பாவனை செய்துகொண்டு நின்றாள்.

இளைஞர் சேட்டுப் பைக்குள் கையை விட்டார்.

"முதல்ல இதை வைச்சிருங்கோ, ஐயா. என்ரை பேர் கஜன். பிறகு உங்களுக்கு ஏதும் கேக்கவேணும் எண்டா இந்த நம்பருக்கு எடுக்கலாம். இது உங்களுக்குத்தான், திருப்பித் தரத் தேவையில்லை."

நான் யார் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை முழுவதும் வாசித்தேன். பின்னர் மீண்டும் ஒருமுறை வாசித்தேன். மூன்று மொழிகளில் நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தது; இப்போது எவரும் பின்புறத்தில் கையால் எழுத வேண்டியதில்லை.

"பக்கத்து வளவிலை இருக்கிற சௌமியாவைத் தெரியுமோ, ஐயா?"

இத்தனை அறிந்த பின்னரும், 'தெரியாது' என்ற அந்தப் பழைய சொல் ஒருகணம் என் தொண்டைவரை வந்தது உண்மை. அட்டை கையில் இருந்தது.

"ஓம், தெரியும்," என்றேன். "இருங்கோ தம்பி. சொல்லக் கனக்க இருக்கு."

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "பெரியப்பா, கனக்கச் சொல்லிப்போடாதேங்கோ!"